செங்கல் வியாபாரியின் மகள்

எங்கள் ஊர் டென்னிஸ் சங்கத்தின் மதுக்கூடத்தில் ஒரு வெள்ளிக் கோப்பை இருக்கிறது. வெள்ளி என்பது மரியாதைக்குச் சொல்வது. முலாம் போய் உள்ளே பித்தளை தெரிகிறது. போன வருஷம் வரைக்கும் அதில் பேனாக்களும் ரப்பர் வளையங்களும் யாரோ விட்டுப்போன சாவிகளும் கிடந்தன. 1954-இல் ஜினெத் கெனெல் என்ற இருபத்துமூன்று வயதுப் பெண் பாரிஸ் போய் பிரெஞ்சு நாட்டின் பெண்கள் பட்டத்தை வென்று கொண்டுவந்த கோப்பை அது. நெடுநாள் எனக்கும் தெரியாது. காரைக்காலில் இருந்து இந்த நார்மண்டிக் கடற்கரைக்கு, இந்தக் குர்வில் ஊருக்கு வந்த நாளில் இருந்து அவர் என் எதிர்வீட்டுக்காரர், அப்படியிருந்தும் தெரியாது. ஊரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் இங்குள்ள ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு கூட்டத்துக்குள் நுழைகிறவர், நிற்கிற எல்லோரையும் ஒவ்வொருவராகக் கண்டு முகமன் செய்யவேண்டும். பழகியவருக்குக் கன்னத்தோடு கன்னம். பழகாதவருக்குக் கை. மண்ணிலோ எண்ணெயிலோ வேலை செய்துகொண்டிருப்பவர் விரல்களை மடக்கிக்கொண்டு மணிக்கட்டை நீட்டுவார். நாம் அதைப் பிடித்துக் குலுக்கவேண்டும். ஒருவரை விட்டுவிட்டாலோ, கன்னம் கொடுக்கவேண்டியவருக்குக் கையைக் கொடுத்துவிட்டாலோ யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மறக்கவும் மாட்டார்கள். இத்தனை வருஷம் கழித்தும் ஒரு விருந்துக்குப் போவதென்றால் யாருக்குக் கன்னம், யாருக்குக் கை என்று வாசற்படியிலேயே நின்று கணக்குப் போடுகிறேன்.

நான் நகரமன்ற அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன வசந்தத்தில் டென்னிஸ் சங்கத்தின் தலைவர் தியெரி மோபெர் என் மேசைக்கு வந்தார். பெரிய மருந்துக்கடை அவருடையது. சங்கத்தின் முதல் ஆடுகளத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். அதற்கு ஜினெத் கெனெலின் பெயரை வைக்கவேண்டும் என்று டென்னிஸ் சம்மேளனத்தில் இருந்து ஒருவர் பழைய பத்திரிகைகளைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். தியெரிக்குத் தலைகால் புரியவில்லை.

“நம்ம ஊருல ஒரு தேசிய சாம்பியன் உயிரோட இருக்காங்க. நாம அவங்க கோப்பையில பேனா போட்டு வச்சிருக்கோம். சம்மேளனத்துக்காரன் அத எட்டிப் பாத்துட்டு என்னப் பாத்தான் பாரு, எனக்கு நிலத்துக்குள்ள போயிரலாம்னு ஆயிருச்சு. நீ எதிர்வீடுதான, என்கூட வா.”

போனோம். ஜினெத் கதவைத் திறந்து இருவருக்கும் கன்னம் கொடுத்து, காபி வைத்து, ஆப்பிள் பணியாரத்தை வெட்டி வைத்தார். எண்பது தாண்டியும் முதுகு வளையாத உடம்பு. தியெரி விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரை கத்தியைக் கையிலேயே வைத்திருந்தார்.

“வேண்டாம்,” என்றார்.

“மதாம் கெனெல், நீங்க ரொம்பத் தன்னடக்கமாப் பேசறீங்க.”

“தன்னடக்கம் இல்ல தியெரி. உங்க அப்பாவக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. அவரு அங்க நின்னுட்டு இருந்தாரு.”

“அப்பா போய்ச் சேந்துட்டாரே.”

“தெரியும். அதனாலதான் நீ வந்திருக்க. அவரு தலைவரா இருந்த வரைக்கும் ஒருத்தனும் வரல.”

தியெரிக்குப் புரியவில்லை. பணியாரத்தைத் தின்றுவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார். நான் எழுந்தபோது ஜினெத் என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார். “நீ உக்காரு. நீயாவது கேளு,” என்றார். அப்போது அவர் சொன்னதையும், பிறகு அங்கங்கே விட்டுவிட்டுச் சொன்னதையும் சேர்த்துத்தான் இங்கே தருகிறேன்.

ஜினெத்தின் அப்பா அனதோல் கெனெல் அந்தச் சங்கத்தின் ஆடுகளக்காரர். களத்துக்குத் தண்ணீர் தெளிப்பது, உருளை இழுப்பது, கோடு போடுவது, ஆட்டம் முடிந்ததும் கனத்த வலையைத் தரையில் இழுத்துக் கால்தடங்களை அழிப்பது இதெல்லாம் அவர் வேலை. தாய் இல்லாத வீடு. உருளை வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறையில் குடியிருப்பு. வெயில்காலத்தில் வில்லாக்களில் வந்து தங்கும் பாரிஸ்காரர்கள்தான் சங்கத்தின் உறுப்பினர்கள். உள்ளூர்க்காரர்களில் மருத்துவர், நோட்டரி, தியெரியின் அப்பா மாதிரி மருந்துக்கடைக்காரர், அவ்வளவுதான்.

1944 கோடையில் விமானக் குண்டுவீச்சில் ஊர் பாதி இடிந்தது. ஜெர்மானியர்கள் லாரி நிறுத்தி வைத்திருந்த ஆடுகளங்கள் குண்டும் குழியுமாகக் கிடந்தன. செம்மண் களம் என்று நாம் சொல்கிறோம். மேலே இருப்பது மண் இல்லை, அரைத்த செங்கல். போர் முடிந்த பிறகு செங்கல் வாங்க யாரிடமும் வழியில்லை. ஆனால் ஊர் முழுக்க இடிந்த சுவர்கள். அனதோல் தள்ளுவண்டியில் அள்ளிவந்து, சம்மட்டியால் உடைத்து, உருளை ஏற்றி நொறுக்கி, சலித்துக் களத்தில் பரப்பினார். சலிப்பது மகளின் வேலை. அவள் தலைமுடியில் சிவப்புத் தூள் போகவே போகாது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் ‘செங்கல் மண்டை’ என்று பெயர். பெரியவர்கள் அனதோலின் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள்: “என் வீட்ட அரைச்சு பாரிஸ்காரன் காலுக்குப் பாய் விரிக்கறயா?” கசாப்புக்கடைக்காரர் ஒருநாள் களத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, “அந்த வலைக்குப் பக்கத்துல இருக்கே, அது எங்க சமையலறை,” என்றாராம். அனதோல் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார், வேறென்ன செய்வது.

கொட்டகைச் சுவரில் பந்தடித்துத்தான் ஜினெத் ஆட்டம் கற்றாள். பழைய பந்து, நரம்பு தொய்ந்த மட்டை. சுவரில் ஒரு இடத்தில் காரை பெயர்ந்து குழியாக இருந்தது. அதில் மெதுவாகப் பட்டால் பந்து எழும்பாமல் அப்படியே கீழே விழும். அந்தக் குழியில் விழவைப்பதே அவளுக்கு விளையாட்டு. வேகமாக அடிப்பதுபோல் மட்டையைக் கொண்டுவந்து, கடைசி நேரத்தில் வலைக்கு அந்தப்பக்கம் பந்தைச் செத்து விழவைக்கும் அவளுடைய அடி அங்கே பிறந்தது. பிற்பாடு பாரிஸ் பத்திரிகைகள் அந்த அடியைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதின.

மதாம் த ப்ரேசி என்ற வில்லாக்காரப் பெண்மணியின் மகளுக்கு ஆடத் துணை தேவைப்பட்டபோது, பந்து பொறுக்கிக்கொண்டிருந்த ஜினெத்தைக் கூப்பிட்டார்கள். துணைக்கு வந்தவள் ஒரு மாதத்தில் அந்த மகளை ஒரு ஆட்டமும் எடுக்கவிடாமல் தோற்கடித்தாள். மதாம் த ப்ரேசிக்கு ஒரு புதுப் பொழுதுபோக்கு கிடைத்தது. வெள்ளைப் பாவாடை தைத்துக் கொடுத்தார், பேசும் விதத்தைத் திருத்தினார், பாரிஸில் தன் வீட்டிலேயே தங்கவைத்தார்.

அங்கே ஒரு தேநீர் விருந்தில்தான் அது தொடங்கியது.

“பக்கத்துல இருந்த அம்மா கேட்டாங்க, உங்க அப்பா என்ன செய்யறாருன்னு,” என்றார் ஜினெத். “நான் ‘செங்கல்’னு சொன்னேன். ‘ஓ, செங்கல் ஆலையா? நாடு முழுக்க வீடு கட்டற காலமாச்சே, நல்ல வரும்படி’ன்னாங்க. நான் சிரிச்சேன். பொய் சொல்லல பாரு. செங்கல்னுதான் சொன்னேன். மிச்சத்த அவங்களே கட்டிக்கிட்டாங்க.”

“மதாம் த ப்ரேசி ஒண்ணும் சொல்லலையா?”

“மேசைக்கு அந்தப்பக்கம் இருந்து கண்ணடிச்சாங்க. அவங்களுக்கும் அதுதான் வசதி. ஆலைக்காரர் பொண்ணக் கூட்டிட்டு வந்தேன்னா அது கௌரவம். உருளை இழுக்கறவர் பொண்ணுன்னா அது தர்மம்.”

இரண்டு வருஷம் அந்த ஆலை வளர்ந்துகொண்டே போனது. யாரோ அதற்குப் புகைபோக்கி வைத்தார்கள், யாரோ வேலையாட்களைச் சேர்த்தார்கள். ஜினெத் எதையும் மறுக்கவில்லை. 1954-இல் அவள் பட்டம் வென்ற மறுநாள் ஒரு பத்திரிகை ‘செங்கல் ஆலை அதிபரின் மகள் வெற்றி’ என்று தலைப்புப் போட்டது. இறுதி ஆட்டத்தைப் பற்றி நான் எத்தனை முறை கேட்டும் அவர் சொன்னது இவ்வளவுதான்: “எதிர்ல ஆடினவளுக்கு முழங்கால் சரியில்ல. நான் பந்த வலைக்குப் பக்கத்துலயே போட்டுப் போட்டு அவள ஓடவெச்சேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குர்வில் சங்கத்தில் விருந்து. மேயர், உறுப்பினர்கள், பாரிஸில் இருந்து காரில் வந்த விருந்தாளிகள், அந்தத் தலைப்பைப் போட்ட பத்திரிகைக்காரர். வேலிக்கு வெளியே ஊர். முதல் களத்தின் ஓரமாக எல்லோரும் வரிசையாக நின்றார்கள். ஜினெத் மேயரில் தொடங்கி ஒவ்வொருவருக்கும் கன்னம் கொடுத்துக்கொண்டு வந்தாள். பத்திரிகைக்காரர் பின்னாலேயே வந்தார். வரிசையின் கடைசியில் அப்பா.

“கன்னம் குடுக்கல,” என்றார் ஜினெத். “மணிக்கட்டப் பிடிச்சுக் குலுக்கினேன். ‘வாழ்த்துகள், மாத்மாசெல்’னாரு, உறுப்பினருங்க வீட்டுப் பொண்ணுங்ககிட்ட சொல்ற மாதிரியே. நான் நன்றின்னேன். பத்திரிகைக்காரர் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. வேலிக்கு வெளிய இருந்த ஊரு மொத்தமும் பாத்துச்சு.”

களத்தில் வேலை முடித்து அப்படியே வந்து நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல. அன்னிக்கி சாயங்காலம் வீட்டுல முத்தம் குடுத்தேன். அவரும் குடுத்தாரு. சூப் இருந்துச்சு, குடிச்சோம். சாகற வரைக்கும் அதப் பத்தி அவர் ஒரு வார்த்த பேசல. நான் ஆடறதப் பாக்க மட்டும் அதுக்கப்புறம் வரவே இல்ல. உருளைக்கு எண்ணெ போடணும், கோடு காயணும், ஏதாவது ஒண்ணு இருக்கும்.”

அந்தப் பட்டத்துக்குப் பிறகு ஜினெத்துக்குப் பெரிய வெற்றி எதுவும் வரவில்லை. லண்டன் புல் களத்தில் ஒருமுறை இரண்டாம் சுற்றிலேயே தோற்றார். வலைக்குப் பக்கத்தில் பந்து போடக் கை வரவில்லை என்று சொன்னார். அதற்கு மேல் விளக்கவில்லை. இருபத்தாறு வயதில் மட்டையை வைத்துவிட்டு, கான் நகரத்துப் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியை ஆனார். மணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றபின் குர்வில்லுக்குத் திரும்பிவந்தார். சங்கத்தின் வேலி அவர் சமையலறை ஜன்னலில் இருந்து தெரியும். உள்ளே கால் வைத்ததே இல்லை. ஊர் அவரைத் திட்டவில்லை. கடையில் பேசுவார்கள், சந்தையில் கன்னம் கொடுப்பார்கள். டென்னிஸ் என்ற சொல்லை மட்டும் அவர் காதுபட யாரும் எடுக்கமாட்டார்கள். அந்தக் கோப்பை பேனாக் கோப்பை ஆனது மறதியால் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

ஒரு வாரம் கழித்து அவரே தியெரியைக் கூப்பிட்டனுப்பினார்.

“என் பேரு வேண்டாம். அனதோல் கெனெல்னு வைங்க.”

தியெரி தலையைச் சொறிந்தார். “உங்க அப்பா பேரச் சொன்னா சம்மேளனத்துல யாருக்குத் தெரியும்? வெறும் ‘கெனெல்’னு போட்டுரலாமா? ரெண்டு பேருக்கும் சேத்து ஆச்சு.”

“மறுபடியும் அவர எனக்குப் பின்னால ஒளிச்சு வைக்கவா?”

தியெரி என்னைப் பார்த்தார். நான் பணியாரத்தைப் பார்த்தேன்.

“சரி,” என்றார் ஜினெத் கடைசியில். “உங்க இஷ்டப்படி போடுங்க. ஆனா நான் பேசுவேன். எல்லாரும் நிக்கும்போது, அந்த எடத்துலயே. நான் சொல்றத யாரும் நடுவுல நிறுத்தக்கூடாது.”

என்ன பேசப் போகிறார் என்று தியெரி கேட்கவில்லை. சாம்பியன் வருகிறார் என்பதே அவருக்குப் போதும். என்னிடம் ஜினெத் சொன்னார்: “ஊருக்கு முன்னால செஞ்சேன். ஊருக்கு முன்னால சொல்லிட்டாப் போதும். ஆலையையும் சொல்லணும், மணிக்கட்டையும் சொல்லணும். அதுக்குத்தான் வரேன், பேர்ப்பலகைக்கு இல்ல.”

ஜூன் மாதம். கடற்காற்று. ஜினெத் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். நான் கையைப் பிடித்து அழைத்துப்போனேன். முதல் களத்தின் ஓரமாக எல்லோரும் வரிசையாக நின்றார்கள். மேயரம்மா, தியெரி, சம்மேளனத்துக்காரர், உறுப்பினர்கள். கடைசியில் கொரீன்.

கொரீன் இப்போதைய ஆடுகளக்காரி. நகரமன்றச் சம்பளம். ஐம்பது வயது, வாயில் எப்போதும் அணைந்த சிகரெட், நாக்கில் எப்போதும் ஒரு நக்கல். காற்றில் செங்கல் தூள் பறக்கிறது என்று கடைசி நிமிஷம் வரை தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்ததால் முழங்கை வரை சிவப்பு.

ஜினெத் மேயரில் தொடங்கி ஒவ்வொருவருக்கும் கன்னம் கொடுத்துக்கொண்டு வந்தார். கொரீனுக்கு முன்னால் வந்ததும் அவள் விரல்களை மடக்கிக்கொண்டு மணிக்கட்டை நீட்டினாள். ஜினெத் அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, நன்றி என்று சொல்லி, ஒலிவாங்கியிடம் போனார். இரண்டு எட்டு வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. என் கை மேல் இருந்த அவர் விரல்கள் இறுகின. திரும்பிப் போவார் என்று நினைத்தேன். அதற்குள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள்.

“எங்கப்பாவுக்குச் செங்கல் ஆலை இருந்ததா அந்தக் காலத்துல எழுதினாங்க,” என்று ஆரம்பித்தார். “நான் மறுக்கல. ஆலை கிடையாது. அவரு இந்தக் களத்துல உருளை இழுத்தவரு. இந்த ஊரோட இடிஞ்ச வீடுங்கள அள்ளி அரைச்சு இதப் போட்டவரு. நான் அவர மறைச்சேன். எனக்கு அவரால வெக்கமா இருந்துச்சு.”

மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த இடைவெளியில் மேயரம்மா கைதட்டினார். பிறகு எல்லோரும். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். “எவ்வளவு அழகு,” என்று யாரோ சொன்னார்கள். சம்மேளனத்துக்காரர் தியெரியின் காதில், “இத விடக்கூடாது. நம்ம இதழ்ல அட்டையிலயே போடறோம். ‘உருளை இழுத்தவரின் மகள்’,” என்றார். அறுபது வருஷத்துக்கு முன்னால் மறைக்கவேண்டியதாக இருந்தது இப்போது அட்டையில் போடவேண்டியதாகிவிட்டது. மணிக்கட்டைச் சொல்ல ஜினெத் வாயைத் திறந்தார். கைதட்டல் நிற்கவில்லை. நின்றபோது அவர் மூடிவிட்டிருந்தார். தியெரி பலகையின் துணியை விலக்கினார்.

அதற்குப் பிறகு ஆப்பிள் மதுவும் உப்பு பிஸ்கட்டும். துடைத்துப் பளபளவென்று ஆக்கிய கோப்பையோடு எல்லோரும் அவரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவர் முகம் எப்படி இருந்தது என்றால், கடையில் பொருளை எடுத்துவிட்டுப் பிடிபடாமல் வெளியே வந்தவரின் முகம் போல இருந்தது.

கூட்டம் கலைந்ததும் கிளம்பினோம். கொரீன் களத்தில் வலையை இழுத்துக்கொண்டிருந்தாள். வேலியோரம் எங்களைப் பார்த்து நின்றாள்.

“என்ன மதாம் கெனெல், எல்லாருக்கும் கன்னம், எனக்கு மட்டும் மணிக்கட்டு. எனக்கு மீசை கீசை குத்தும்னு யாராவது சொன்னாங்களா?”

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஜினெத் நின்றுவிட்டார். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து களத்துக்குள் போனார், நானும் பின்னால் போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை அவர் கொரீனிடம் சொன்னார். வரிசையை, பத்திரிகைக்காரரை, மணிக்கட்டை. கொரீன் சிகரெட்டை வாயில் இருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள்.

“அட, இதுக்கா இத்தன வருஷம்?” என்றாள். “நான் நீட்டினேன், நீங்க குலுக்கினீங்க. உங்க கோட்டு வெள்ள, என் கை செவப்பு. வேற என்ன செய்ய முடியும்? கையில மண்ணு இருந்தா மேயரா இருந்தாலும் மணிக்கட்டுதான். உங்கப்பாவும் அதத்தான் செஞ்சிருப்பாரு. வேலக்காரனுக்கு அது கௌரவக் கொறச்சல் இல்ல, மதாம். ஒட்டிக்கப் போகுதேன்னுதான்.”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இவ்வளவு எளிதாக முடிந்துவிட்டதே என்று நிம்மதிகூட வந்தது.

“மண்ணு இல்ல கொரீன்,” என்றார் ஜினெத்.

“என்ன?”

“அவர் கையில மண்ணு இல்ல. விருந்துன்னு காலையிலயே பம்புக்குப் போயி, பிரஷ் போட்டுத் தேச்சுத் தேச்சுக் கழுவினாரு. நகத்துக்குள்ள இருந்ததக்கூட ஊசி வச்சு எடுத்தாரு. கல்யாணக் கோட்டு போட்டிருந்தாரு. நான் வரிசையில வரவர, அவரு கன்னத்தக் குடுக்கத்தான் குனிஞ்சு நின்னாரு. நான் கிட்ட வந்து, பின்னால வந்த பத்திரிகைக்காரரத் திரும்பிப் பாத்தேன். ஒரு தடவதான் பாத்தேன். நான் திரும்பறதுக்குள்ள அவரு நிமிந்துட்டாரு. அந்தச் சுத்தமான விரல உள்ளாற மடக்கி வச்சுக்கிட்டு, மணிக்கட்ட நீட்டினாரு.”

கொரீன் தன் கையைப் பார்த்தாள். பிறகு அதைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

கடைசியில் கையை வெளியே எடுத்து வலையின் கயிற்றைப் பிடித்தாள். “நிக்கற எடத்துல தடம் விழுது, மதாம் கெனெல். புல்லுக்குப் போயிருங்க, நான் இத முடிச்சுர்றேன்,” என்றாள். கடுமையாகச் சொல்லவில்லை. நாங்கள் புல்லுக்குப் போனோம். அவள் வலையை இழுத்துக்கொண்டு நாங்கள் நின்ற இடத்தின் மேலாகப் போனாள்.

பலகையில் ஜினெத் கெனெல் என்றுதான் இருக்கிறது. அந்த இதழ் வந்தது. அட்டையில் அவர் படம், சம்மேளனத்துக்காரர் சொன்ன தலைப்பு. மருந்துக்கடையிலும் எங்கள் தெரு ரொட்டிக்கடையிலும் அதை மாட்டியிருக்கிறார்கள். ஜினெத் இப்போது ரொட்டி வாங்க அடுத்த தெருவுக்குப் போகிறார்.